சுவரையே பாதையாக்கின மனுஷன்

மார்ட்டின்ஸ்வில் கார் பந்தய வீடியோவ நேத்து ராத்திரி மறுபடி பார்த்தேன். இன்னிக்கும் புல்லரிக்குது.

2022 அக்டோபர் 30, அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில். நாஸ்கார்ங்கிற அமெரிக்கக் கார் பந்தயம். பேப்பர் கிளிப் மாதிரி குட்டித் தடம், ஒரு சுத்து 850 மீட்டர்கூட வராது. மொத்தம் 500 சுத்து. ஒவ்வொரு வளைவுலயும் பிரேக்க நல்லா மிதிச்சே ஆகணும், டயரோட பிடிமானம் அவ்வளவுதான்.

கடைசிச் சுத்துல ராஸ் சாஸ்டெய்ன் பத்தாவது இடம். சாம்பியன்ஷிப் இறுதிக்குப் போக இன்னும் ரெண்டு இடம் வேணும். எல்லாரும் பிரேக் போடுற இடத்துல இவர் அஞ்சாவது கியர் போட்டு, ஆக்சிலேட்டர அழுத்திப் பிடிச்சு, காரை வெளிச்சுவர்ல சாய்ச்சுட்டார். ஸ்டியரிங்ல இருந்து கைய எடுத்துட்டாராம்! டயர் செய்ய வேண்டிய வேலைய சுவர் செஞ்சுது. வலப்பக்கம் முழுக்க உரசி நசுங்க, அஞ்சு காரைத் தாண்டிட்டார். அந்தச் சுத்து 18.845 விநாடி. நாஸ்காரோட உச்சப் பிரிவான ‘கப்’ கார் எதுவும் அங்க அதுவரை அவ்வளவு வேகமா சுத்தினதே இல்ல.

சின்ன வயசுல தம்பியோட ஆடின வீடியோ கேம்ல பழகின வித்தையாம் இது. ஃப்ளோரிடாவுல தர்பூசணி விவசாயக் குடும்பம் அவங்களோடது. ஜெயிச்சா தடத்துலயே ஒரு தர்பூசணியப் போட்டு உடைப்பார்.

இனிமே இப்படிச் செஞ்சா தண்டனைன்னு 2023-ல சொல்லிட்டாங்க. அது சரிதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஜனங்க உக்காந்திருக்காங்களே.

ஆனா அந்த ஒரு சுத்து... பாக்காதவங்க இன்னிக்கே பாருங்க.