24 பிலிம் டப்பாக்கள்

ஒக்டோபர் 6

அப்பா சொல்லிவிட்டுப் போனபடியே செய்தேன். மீனுக்குத் தீனியாக வளர்க்கும் சூப்பர்வேர்ம் புழுக்களில் பெரியதாகப் பார்த்து 24 எடுத்தேன். ஸ்டூடியோ காலத்துக் கறுப்பு பிலிம் டப்பாக்கள், டப்பாவுக்கு ஒன்று. மூடியில் ஊசித்துளை. உள்ளே தவிடும் இல்லை, கரட்டும் இல்லை. இந்தப் புழு கூட்டத்தோடு கிடக்கும்வரை கூட்டுப்புழுவாகாது. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மாதக்கணக்கில் புழுவாகவே இருக்கும். தனியாக, இருட்டில் விட்டால்தான் மாறும். அம்மா அலுமாரியின் கீழ்த்தட்டை ஒதுக்கித் தந்தார்.

ஒக்டோபர் 7

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு இல்லை.

ஒக்டோபர் 9

அரோவானா மீன் மூன்றாவது நாளாகச் சாப்பிடவில்லை. அப்பா புழுவை நீட்டினால் விரல்வரை எழும்பி வரும். என் கையைக் கண்டால் தொட்டியின் அடுத்த மூலைக்குப் போய்விடுகிறது. பின்னால் கரையோர ரயில் போகும்போது தண்ணீர் நடுங்குகிறது. மீன் அசைவதில்லை.

ஒக்டோபர் 12

திறந்து பார்த்தேன். அநேகமானவை அரைவட்டமாகச் சுருண்டிருக்கின்றன. தொட்டால் நெளிகின்றன, உயிர் இருக்கிறது. 3ஆம் டப்பா கறுத்து நாறியது, எறிந்துவிட்டேன். 7 மட்டும் நேராகக் கிடக்கிறது.

ஒக்டோபர் 14

அப்பாவுக்குப் பேச்சு வர நேரம் எடுக்கிறது. சத்திரசிகிச்சை பற்றி ஒரு சொல் இல்லை. "திறந்து திறந்து பாக்காதை பிள்ளை." அது மட்டும்தான். எப்படித் தெரிந்ததோ.

ஒக்டோபர் 20

தீபாவளி. பலகாரம் சுடவில்லை. 11 கூட்டுப்புழு. பால் நிறம், கால்களை நெஞ்சோடு மடித்து வைத்திருக்கின்றன. வெளியே வெடிச் சத்தம். 7 நேராக.

ஒக்டோபர் 23

மற்றத் தீனிப் புழுவான மீல்வேர்ம் இருக்கும் தட்டின் விளிம்பில் மெல்லிய பழுப்புத் தூசி. தவிடென்று நினைத்து விரலால் வழித்தேன். தூசி நகர்ந்தது. உண்ணி! பிழை என்னுடையது. புழுக்களுக்குத் தாகமாக இருக்குமென்று கரட்டை அள்ளிப் போட்டேன். தினமும் பின்னேரம் மழை, காற்றிலேயே ஈரம், அதற்குமேல் கரட். தவிடு கட்டிபட்டு அடியில் புளிப்பு மணம். எறும்பு வரக்கூடாதென்று மேசைக் கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைத்ததில் இருந்த கவனம் இதில் இருக்கவில்லை. அப்பா எட்டு வருடமாக விடாமல் வளர்த்த புழு. வண்டு, முட்டை, புழு, கூடு, மறுபடி வண்டு என்று ஒருநாளும் அறுந்ததில்லை. நான் 17 நாளில் அறுத்துவிடுவேனோ? இரவு ஒரு மணிவரை அரிதட்டால் அரித்தேன். பழைய தவிட்டைப் பையில் கட்டி வெளியே வைத்தேன், தட்டைக் கொதிதண்ணீரில் கழுவினேன். புழுவின் உடம்பில் ஒட்டிய உண்ணி எல்லாம் போகாது. ஆனால் காய்ந்த இடத்தில் அதால் பெருக முடியாது. இனி ஒரு துண்டு கரட், அதுவும் தோல் காயவிட்டு. அடுத்த நாளே எடுத்துவிட வேண்டும். அப்பாவிடம் சொல்லப் போவதில்லை.

ஒக்டோபர் 24

புதுத் தவிட்டை வறுத்து ஆறவிட்டேன். பிட்டுக்கு மா வறுத்த வாசம். அம்மா எழும்பி வந்து, "ஆருக்குப் பிட்டு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

ஒக்டோபர் 27

சாப்பிட்டது!! கையை அசைக்காமல் பத்து நிமிடம் நின்றேன். அமேசனில் கிளையில் இருக்கும் வண்டைத் துள்ளிப் பிடிக்கிற இனம் என்று அப்பா சொல்வார். அப்படியேதான் துள்ளியது, முகமெல்லாம் தண்ணீர். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு புழுவோடு நிறுத்திவிட்டேன். கொழுப்பு கூட, கல்சியம் குறைவு. அப்பா இதற்குமேல் கொடுக்கமாட்டார்.

ஒக்டோபர் 29

"இன்னும் ஒரு கிழமை." போன கிழமையும் இதையே சொன்னார்கள்.

நவம்பர் 2

12ஆம் டப்பாவில் வண்டு. முழுதும் வெள்ளை, இறகுகூட வெள்ளை. பின்னேரம் தலை சிவந்திருந்தது, கறுக்க இன்னும் சில நாள். வீடியோ எடுத்துக் கொண்டுபோனேன். அப்பா மூன்று தரம் பார்த்தார். பிறகு ஏழு விரல் காட்டினார். 7 இன்னும் புழுதான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 3

ஐந்து வண்டு. கோழிமுட்டை வாங்கிவரும் மட்டையை அடுக்கித் தனித் தட்டில் விட்டேன். இரண்டு கிழமையில் வண்டுகளை வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தங்கள் முட்டையையே தின்றுவிடும். நாள்காட்டியில் 17ஐ வட்டமிட்டேன்.

நவம்பர் 4

விடிய 5 மணிக்கு அழைத்தார்கள். இரண்டு பேரும் வரட்டுமாம். அம்மா சேலை மாற்றுகிறார். பழைய கரட் இன்னும் தட்டிலேயே