கரி பற்றவைத்துப் பழகிய 11 வாரங்கள்

வெளியில் கரி அடுப்பு வைத்துச் சுடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் மசாலா, ஊறவைக்கும் நேரம், எப்போது திருப்பிப் போடுவது என்று போய்விடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கட்டமே தகராறாக இருந்தது. கரி பற்றவில்லை. பற்றினாலும் பாதி சிவந்து பாதி கருப்பாகவே கிடந்தது. அதனால் ஒரு நோட்டு எடுத்து, எந்தக் கரி, எவ்வளவு, எதைக் கொண்டு பற்றவைத்தேன், தீக்குச்சி உரசியதிலிருந்து வலைத்தட்டை ஏற்றும்வரை எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுதி வந்தேன். 11 வாரம் ஆகிவிட்டது. என்னைப் போல அடுப்பு முன்னால் உட்கார்ந்து கண் எரிய ஊதிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த நோட்டிலிருந்து கொஞ்சம்.

முதல் வாரம், 47 நிமிடம்.

கரியை அடுப்பின் அடியில் ஒரே மட்டமாகப் பரப்பினேன். அதன்மேல் கரி பற்றவைக்கும் திரவத்தைத் தெளித்துத் தீ வைத்தேன். தீ ஆளுயரத்துக்கு எழுந்தது, பார்க்கவே நம்பிக்கையாக இருந்தது, 3 நிமிடத்தில் அடங்கிவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் எரிந்தது திரவம்தான், கரி அப்படியே இருக்கிறது. சரி, இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்று பாட்டிலை அழுத்தினேன். நான் அணைந்துவிட்டதாக நினைத்த கரியில் இரண்டு மூன்று கட்டிகள் அடிப்பக்கம் கனன்றுகொண்டிருந்திருக்கின்றன. திரவம் அதில் பட்டதும் ஆவியாகி, அந்த ஆவி ஒரே நொடியில் பற்றி, தீ திரவத்தின் தாரையைப் பிடித்துக்கொண்டு என் கைவரை ஏறி வந்தது. பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் குதித்தேன். மணிக்கட்டில் முடி பொசுங்கி, தோல் சிவந்ததோடு போயிற்று. குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கையை வைத்திருந்தேன். ஐஸ் வைக்கக்கூடாது, அது தோலை மேலும் கெடுக்கும்.

இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, ஏனென்றால் இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். ஒருமுறை தீ வைத்த கரிமேல் மறுபடியும் திரவம் ஊற்றக்கூடாது. கருப்பாகத் தெரிந்தாலும் கூடாது, புகை நின்றிருந்தாலும் கூடாது. பெட்ரோலை நினைத்தே பார்க்க வேண்டாம். மண்ணெண்ணெய் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி அளவிலேயே விட்டுவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து நிற்கும், தீக்குச்சி கரியைத் தொடுவதற்கு முன்பே நம் காலடியில் பற்றும்.

திரவத்தை அன்றோடு நிறுத்திவிட்டேன். பயம் ஒரு காரணம். சுட்டதில் எல்லாம் லேசாக எண்ணெய் வாடை அடித்தது இன்னொரு காரணம்.

இரண்டாவது வாரம். அன்று சமைக்கவில்லை, சோதனை மட்டும்.

கரி ஏன் மரம்போலப் பற்றுவதில்லை என்று புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது என்று தோன்றியது. விறகில் நாம் பார்க்கும் தீச்சுவாலை, சூட்டில் மரத்திலிருந்து வெளியேறும் வாயு எரிவதுதான். கரி என்பது அந்த வாயுவையெல்லாம் ஏற்கெனவே விரட்டிவிட்ட மரம், காற்று அதிகம் புகாமல் மூடிச் சுட்டு எடுத்தது, பெரும்பாலும் கார்பன். அதனால் அதில் விறகுபோலச் சுவாலை எழாது. மேற்பரப்பில் ஆக்சிஜன் படப் படக் கனலும், அவ்வளவுதான். அதற்கு இரண்டு வேண்டும்: தொடர்ந்து காற்று, பக்கத்தில் இன்னொரு சூடான கரி.

இந்த இரண்டாவதை நானே செய்து பார்த்தேன். நன்றாகக் கனன்ற கங்கு ஒன்றை இடுக்கியால் எடுத்து ஒரு இரும்புத் தகட்டில் தனியாக வைத்தேன். அதே அளவில் 4 கங்குகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுத்த தகட்டில் வைத்தேன். தனியாக இருந்தது சில நிமிடங்களில் மங்கிப் போனது. நான்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த பக்கங்கள் மட்டும் வெகுநேரம் ஆரஞ்சாகவே இருந்தன. ஒரு கங்கு வெளியே விடும் வெப்பத்தை அடுத்தது வாங்கிக்கொள்கிறது. முதல் வாரம் நான் கரியைப் பரப்பி வைத்ததே தப்பு என்று அங்கே விளங்கிவிட்டது. பரப்புவது பற்றிய பிறகு செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது வாரம், 32 நிமிடம்.

கரியைக் கோபுரமாகக் குவித்து நடுவில் மெழுகுத் துண்டு ஒன்றை வைத்தேன். தீப்பற்ற வைக்கவே விற்கும் மெழுகுக் கட்டிகள் இருக்கின்றன, வாடை இல்லை, காற்றில் அணைவதும் குறைவு. அது கிடைக்காவிட்டால் காகிதத்தை முறுக்கி முடிச்சுப் போட்டு அதில் சமையல் எண்ணெய் கொஞ்சம் தடவலாம். வெறும் காகிதம் அரை நிமிடத்தில் சாம்பலாகிப் பறந்துவிடும். எண்ணெய் ஏறிய காகிதம் விளக்குத் திரிபோல நின்று பல நிமிடம் எரியும். நிறையத் தடவினால் கரும்புகைதான் வரும், ஈரம் தெரியும் அளவுக்குப் போதும்.

32 நிமிடம் என்பது முன்னேற்றம்தான், ஆனால் குவியலின் ஒரு பக்கம் பற்றவே இல்லை. கிளறிப் பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்க மூட்டையின் அடியில் இருந்த கரித்தூள். தூளும் பொடிக் கரியும் கட்டிகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளை அடைத்துவிட்டால் காற்றுக்கு வழி கிடையாது. அன்றிலிருந்து மூட்டையைச் சாய்த்துக் கொட்டுவதில்லை, கையால் பொறுக்கி எடுக்கிறேன். பெரிய கட்டிகள் அடியில், நடுத்தரமானவை மேலே. முஷ்டியைவிடப் பெரிதாக இருந்தால் உடைத்துவிடுகிறேன். கை கருப்பாகும், ஆனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் 5 நிமிடம் மிச்சமாகிறது என்பது என் கணக்கு.

நான்கு, ஐந்தாவது வாரங்கள். டப்பா.

கரி மூட்டும் சிம்னி என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் திறந்த இரும்பு உருளை, உள்ளே அடிப்பக்கம் ஒரு தட்டு, தட்டுக்கு மேலே கரி, கீழே காகிதம். வாங்குவதற்கு முன் நானே செய்து பார்க்க ஆசைப்பட்டு ஒரு பெரிய தகர டப்பாவை எடுத்தேன். அடியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் போட்டு, உள்ளே மூன்று அங்குல உயரத்தில் கனமான கம்பிவலையை நிறுத்தினேன். செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், துத்தநாகம் பூசிய வாளி, தகடு எதையும் எடுக்காதீர்கள். துத்தநாகம் 420 டிகிரி அளவில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும், காற்று வாங்கிய கரி அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பெயின்ட் அடித்த டப்பா, உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு உள்ள டப்பா என்றால் முதல் இரண்டு தடவை சமையல் இல்லாமல் வெறும் கரி போட்டு, புகை படாத தூரத்தில் நின்று எரித்து எடுத்துவிட வேண்டும்.

22 நிமிடம்! அதுவும் ஊதாமல், விசிறாமல். எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

நடப்பது இதுதான். சூடான காற்று லேசாகி உருளைக்குள் மேலே ஏறுகிறது, அது விட்டுப்போன இடத்தை நிரப்ப அடி ஓட்டைகள் வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடுகிறது, அந்தக் காற்று கரியை இன்னும் சூடாக்க, இழுப்பு இன்னும் கூடுகிறது. புகைபோக்கி வேலை செய்யும் அதே முறை. கரியும் பரவாமல் நெருக்கமாக நிற்பதால் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்கிறது. இரண்டாவது வாரம் தகட்டில் பார்த்த இரண்டு விஷயமும் ஒரே டப்பாவுக்குள் இருக்கிறது.

டப்பாவில் கைப்பிடிதான் குறை. கம்பி வளைத்து மாட்டினேன், கங்கு கொட்டும்போது அது திருகிக்கொண்டு டப்பா சரிந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எரியும் கரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டம் எனக்கு வேண்டாம் என்று கடையில் வாங்கிவிட்டேன்.

ஆறாவது வாரம், கடைச் சிம்னி. கட்டிக் கரிக்கு 18 நிமிடம், பிரிக்கெட்டுக்கு 25.

பிரிக்கெட் என்பது கரித்தூளை மாவுப்பசை போன்றதோடு சேர்த்து அழுத்தி ஒரே அளவில் செய்த துண்டுகள். நெருக்கம் அதிகம், அதனால் பற்ற நேரமாகும், பற்றிவிட்டால் நெடுநேரம் ஒரே சூட்டில் நிற்கும். கட்டிக் கரி சீக்கிரம் பற்றி, அதிகச் சூடு கொடுத்து, சீக்கிரம் தீர்ந்துவிடும். அரை மணியில் முடிகிற சமையலுக்கு நான் கட்டிக் கரியைத்தான் எடுக்கிறேன்.

சிம்னியை எங்கே நிறுத்துவது என்பதை யாரும் சொல்வதில்லை. சிமென்ட் தரையில் நேராக வைத்தால், தரைக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகித் தரைத் துணுக்குகள் தெறிக்கும். காய்ந்த புல்மேல் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அடுப்புக்குள்ளேயே, கரி நிற்கும் கம்பித்தட்டின்மேல் வைப்பதுதான் சரி. அடுப்பின் அடிக் காற்றுத் திறப்புகளை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். அடுப்பு ஆடாத சமதளத்தில், சுவர், கூரை, தொங்கும் துணி, செடிகொடி எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி நிற்கட்டும்.

முதலில் அடர்த்தியாக வெள்ளைப் புகை வரும், 6, 7 நிமிடத்தில் குறையும், பிறகு மேலே வெப்ப அலை மட்டும் நெளியும். மேல் வரிசைக் கரியின் ஓரங்களில் சாம்பல் படர்ந்து, சந்து வழியாகப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு தெரிந்தால் கொட்டிவிடலாம். முழுக்க வெளுக்கும்வரை காத்திருந்தால் பாதிச் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் நான் மூன்று வாரம் தவறிக்கொண்டிருந்தேன்.

கொட்டும்போது காற்று நம் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். தடித்த தோல் கையுறை வேண்டும், அது காய்ந்திருக்க வேண்டும், ஈரக் கையுறையில் சூடு ஏறினால் உள்ளே ஆவியாகிக் கையை வேகவைத்துவிடும். சிம்னியை உயரத்திலிருந்து கவிழ்க்காமல், அடுப்பின் உள்ளே தாழ்த்தி மெதுவாகச் சாய்த்தால் பொறி பறக்காது. பருத்திச் சட்டை, மூடிய செருப்பு. நைலான், பாலியஸ்டர் துணியில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் வைத்துக்கொள்கிறேன், இதுவரை தேவைப்படவில்லை, ஆனாலும் வைக்காமல் தீக்குச்சி உரசுவதில்லை.

எட்டாவது வாரம், 36 நிமிடம். எல்லாம் அதே மாதிரி செய்தும்.

காரணம் மழை. கரி நுண்துளைகள் நிறைந்தது, காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். நான் மூட்டையின் வாயைக் கட்டாமல் இரண்டு வாரம் வெளியே விட்டிருந்தேன். முதல் கால் மணி நேரமும் அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விட்டது. இப்போது இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் முதல் நாள் வெயிலில் பரப்பி எடுக்கிறேன்.

அன்று மழை மறுபடியும் தூற ஆரம்பித்ததும் கூட இருந்தவர் அடுப்பை வண்டி நிறுத்தும் அறைக்குள் நகர்த்தலாம், கதவுதான் திறந்திருக்கிறதே என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பித்து, எழுந்து வெளியே போக வேண்டும் என்ற நினைப்பே வராமல் ஆளைச் சாய்த்துவிடும். கதவைத் திறந்து வைப்பது போதாது. கூடாரமும் அப்படித்தான். சமைத்து முடித்து அடங்கிய அடுப்பைக் குளிருக்காக உள்ளே கொண்டுபோவது இன்னும் மோசம், ஏனென்றால் மங்கிய கங்கு புகையே இல்லாமல் அந்த வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். அன்று அடுப்பை மூடிவிட்டு மழை விடும்வரை காத்திருந்தோம். சமையல் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது.

ஒன்பதாவது வாரம் தலைமுடி உலர்த்தும் கருவியால் ஊதிப் பார்த்தேன். 13 நிமிடம், இதுவரை வேகமானது அதுதான். ஆனால் பொறி நாலா பக்கமும் பறந்தது, சாம்பல் முகத்தில் அடித்தது, திறந்த வெளியில் தீப்பக்கம் மின்கம்பி இழுத்து வைத்திருப்பதும் மனதுக்குச் சரியாகப் படவில்லை. 5 நிமிடத்துக்காக இது வேண்டாம் என்று முடிவு செய்தேன். சிம்னியின் அடியில் ஒரு விசிறியை மெதுவாக அசைத்தாலே 2 நிமிடம் குறைகிறது, பொறியும் இல்லை.

பத்தாவது வாரம் நேரம் 18, குறிக்க வேண்டியது சாம்பல். ஞாயிறு மாலை அடுப்பை மூடித் திறப்புகளை அடைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் குளிர்ந்திருக்கும் என்று நினைத்துக் குப்பைப் பையில் அள்ளினேன். பை கையிலேயே இளகிக் கிழிந்தது. நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை, 15 மணி நேரம் கழித்தும் உள்ளே கங்கு உயிரோடு இருந்தது, நல்லவேளை அது விழுந்தது மண் தரையில். இப்போது 48 மணி நேரம் விட்டு, மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ளுகிறேன். அவசரம் என்றால் கங்கை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போடுவேன். சூடான அடுப்புக்குள் தண்ணீரை ஊற்றுவதில்லை, ஆவி முகத்துக்கு எழும், இரும்பும் வளையும்.

சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரியைத் தட்டிச் சலித்து எடுத்து வைத்திருக்கிறேன். பதினோராவது வாரம் அதைச் சிம்னியின் மேல் வரிசையில், புதுக் கரியின்மேல் வைத்தேன், 17 நிமிடம். ஒருமுறை எரிந்த கரி புதியதைவிட எளிதாகப் பற்றுகிறதா, அல்லது அன்றைய காற்றால் வந்த வித்தியாசமா என்று ஒரே தடவையில் சொல்ல முடியாது. வரும் ஞாயிறு அதே அளவு கரியை அடியில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.