இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்

கல்லூரி வளாகம் கட்ட என்னைக் கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் சந்திப்பிலேயே கேட்டது ஒரே கேள்விதான்: "ஆர்ச் எப்படி சார் வரும்?" நிலத்துக்குப் பட்டாகூட மாறியிருக்காது. ஆனால் பைபாஸில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு நுழைவு வளைவு, தாளாளர் மனதில் எப்போதோ எழும்பி வர்ணமும் பூசியாகியிருக்கும். முப்பது வருஷத்தில் நான் வரைந்த வளைவுகளை ஒரு வரிசையில் நிறுத்தினால் எனக்கே சிரிப்பு வரும்.

கிண்டியில் கட்டடக்கலை படித்தபோது எங்களைப் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்குக் கூட்டிப் போனார்கள். ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி வடிவமைத்த வளாகம். முகப்பை வரையலாம் என்று நோட்டுடன் உட்கார்ந்தேன், முகப்பு என்று எதுவும் சிக்கவில்லை. கருங்கல் சுவர்களுக்கு நடுவே நீள நீளமான நடைபாதைகள். ஓரிடத்தில் கூரை, பத்தடி தள்ளி வெறும் உத்திரங்கள், அப்புறம் வானம். அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரி நகரத்தை மனதில் வைத்துச் செய்ததாகச் சொல்வார்கள். எனக்கு அன்று ஞாபகத்துக்கு வந்தது மீனாட்சியம்மன் கோயில் பிராகாரம். அங்கே எந்த வகுப்பறைக்குள் போனேன் என்று இன்று கேட்டால் தெரியாது. நடந்தது மட்டும் காலில் இருக்கிறது.

வேலைக்கு வந்த பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது. பொறியியல் கல்லூரி என்றால், அங்கீகாரம் தருகிற ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி ஒன்று உண்டு. வகுப்பறை 66 சதுர மீட்டர், கருத்தரங்கக் கூடம் 132. எத்தனை மாணவர்களோ அதற்கேற்ப இத்தனை அறை. ஆக, அறைகளை விதியே பாதி வரைந்துவிடுகிறது. ஆர்க்கிடெக்ட்டுக்கு மிஞ்சுவது இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் கிடக்கிற இடம்தான். எங்கள் ஃபீஸோ கட்டடத்தின் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுவது. நடுவில் கிடக்கிற இடத்துக்குப் பைசா கிடையாது. அதனால் அதை யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை, ஒரு ஐப்பசி மாதம் வரைக்கும்.

தென் மாவட்டம் ஒன்றில், கரிசல் நிலத்தில் ஒரு கல்லூரி. சர்வே எடுத்தது மே மாதம். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. எஃப்.எம்.பி.யில், அதாவது அரசாங்கத்தின் நில அளவைப் படத்தில், ஓடை என்று எதுவும் இல்லை. வி.ஏ.ஓ.வும் எல்லாம் பட்டா நிலம் என்றே சொன்னார். நிலத்தின் மேடுபள்ளத்தைக் கோடுகளாகக் காட்டுகிற காண்டூர் படம் ஒன்றைச் சர்வேயர் கொடுத்தார், அதில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. நிலத்தின் நடுவே அரை மீட்டர் ஆழத்தில் ஓடிய பள்ளம் இரண்டு கோடுகளுக்கு இடையில் சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டது. 'வளாகத்தின் இதயம்' என்று தடித்த எழுத்தில் போட்டு, சரியாக அந்த இடத்தில் நூலகத்தை வைத்தேன்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் வேறு. நிலத்துக்கு எதிரே நெடுஞ்சாலைக்கு அடியில் மூன்று குழாய் போட்ட சின்னப் பாலம் ஒன்று இருந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துதான் நான் தினமும் டீ குடித்தேன். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் சும்மா பாலம் கட்ட மாட்டார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கட்டி முடித்த இரண்டாம் வருஷம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்தது. மூன்று குழாய் வழியாகவும் வந்த தண்ணீர் நேராக நூலகத்துக்குள் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது கலையரங்கத்தில் மின்விசிறிகளை முழு வேகத்தில் விட்டு, பெஞ்சுகள் மேல் புத்தகங்களை விரித்துக் காயவைத்திருந்தார்கள். நூலகர் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஸ்கேலின் நுனியால் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளாளர் திட்டவும் இல்லை. என் மாஸ்டர் பிளானை மேஜையில் விரித்து, "சார், இதுல தண்ணி எந்தப் பக்கம் போகுது, காட்டுங்க" என்றார். படத்தில் வடக்குக்கு அம்புக்குறி இருந்தது. தண்ணீருக்கு இல்லை.

அப்புறம் நூலகத்தை ஒட்டி ஆறு மீட்டர் அகலத்தில் வாய்க்கால் வெட்டிக் கல் பாவினோம். அதற்காக என் அழகான புல்வெளி போனது. வருஷத்தில் பத்து மாதம் அது காய்ந்துதான் கிடக்கிறது, கிரிக்கெட் பந்து பொறுக்கத்தான் பையன்கள் இறங்குகிறார்கள். இப்போதெல்லாம் நிலம் பார்க்கப் போனால் முதலில் இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டர் நடந்து சாலையில் எத்தனை குழாய்ப் பாலம் என்று எண்ணிவிட்டு வருவேன். எந்தப் பாடத்திலும் இது இல்லை.

இன்னொன்று பஸ். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகளில் கூட்டம் சேருகிற இடம் நூலகமோ கேன்டீனோ அல்ல, பஸ் நிற்கிற மைதானம். காலையில் வந்து வரிசை கட்டுகிற பஸ்கள் எல்லாம் சாயங்காலம் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். மாணவர்கள் கால் மணி நேரம் மேற்கு வெயிலில், நோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே புங்கையும் வேம்பும் வைக்கலாம் என்றேன். வைத்தது ராயல் பாம் என்கிற அலங்காரப் பனை. ஒன்று பல ஆயிரம் ரூபாய், வரிசையாக முப்பது. அந்த மரத்தின் நிழலில் ஒரு ஆள் நிற்கலாம், அதுவும் பக்கவாட்டில் திரும்பி. வெயிலைப் பற்றி நாங்களே தப்பாகப் படித்திருக்கிறோம் என்பது தனிக்கதை. வடக்குப் பக்கம் வெயில் வராது என்று பல புத்தகங்களில் இருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் சாய்கிறது.

பிற்பாடு தெரு வடிவமைப்பு வேலைகளுக்குப் போனபோது, வளாகத்தில் செய்ததையே பெரிதாகச் செய்யப்போகிறோம் என்று நினைத்தேன். வளாகத்தில் ஒரு தாளாளரைச் சம்மதிக்க வைத்தால் போதும், தெருவில் ஒவ்வொரு கடைக்காரரும் தாளாளர். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது சாலைகளுக்கு விதிமுறை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ். இரவு பதினொரு மணிக்கு டேப்பைப் பிடித்துக்கொண்டு போனால் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர், கடையின் சாய்தளம், மழைநீர் வடிகாலின் மூடி எல்லாம் போக, மிச்சம் சில இடங்களில் இரண்டு அடி. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கையே வகுத்தது, 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையும் வந்தது. அங்கே ஒரு ஞாயிறு சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப் போனேன். முழங்கால் வலிக்காரர், கையைப் பிடிக்காமலே கால் கிலோமீட்டர் நடந்தார். தெரு முடிந்து பக்கத்துத் தெருவுக்குத் திரும்பியதும் ஒன்றரை அடி உயரத்தில் வடிகால் மேடை. "இது யாருடா பண்ணது?" என்றார். நான் இல்லை என்று சொல்லிவைத்தேன்.

போன கார்த்திகையில் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு புது நிலம் பார்க்கப் போனேன். மழை பெய்யட்டும் என்று வேண்டுமென்றே தள்ளிப்போட்ட பயணம். இந்த முறை காண்டூர் கால் மீட்டருக்கு ஒரு கோடு வேண்டும் என்றதற்குச் சர்வேயர் காசு கூடக் கேட்டார், சரி என்றேன். பேன்ட்டை மடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் தாளாளர் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆர்ச். இரண்டு பக்கமும் ராயல் பாம்.