91-ஆம் நாள்

மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த அம்மா வராந்தாவில் நின்றிருந்தார். "எய்யா, அவன் வெளிய வந்துட்டானாம்லா? ஊருல வெடி போடுதானுவ. அய்யாகிட்ட எம்புள்ள போட்டோவக் காட்டட்டுமா?"

நான் நீதிமன்றத் தட்டச்சர். திருநெல்வேலிச் சீமையில் 22 வருட வேலை. சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் என் மேசை. மகனை வயல் வரப்பில் வெட்டிப் போட்டவனுக்கு நீதிபதி இரக்கப்பட்டு ஜாமீன் கொடுத்துவிட்டார் என்றே அந்த அம்மா நினைத்திருந்தார். ஊரும் அப்படித்தான் பேசியது.

நடந்தது வேறு. கொலை வழக்கில் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஜாமீன் கேட்பது எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், உரிமை. கொலை எவ்வளவு கொடூரமானது என்று பார்த்து மறுக்க நீதிபதிக்கு வழியில்லை. அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 187-ஆம் பிரிவு, ஆனால் அதே 90 நாள்தான். இந்த வழக்கில் 91-ஆம் நாள் காலையிலேயே மனு போட்டுவிட்டார்கள். குற்றப்பத்திரிகை அதற்கு அப்புறம்தான் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அப்போ நாள எண்ணுதது யாருய்யா?"

எனக்குப் பதில் வரவில்லை.

விடுதலைத் தீர்ப்புகளும் இப்படித்தான். ஒரு வெட்டு வழக்கில் நேரில் பார்த்த சாட்சி கூண்டில் ஏறினான். இருபது வயதுதான் இருக்கும். கடைசி பெஞ்சில் எதிரி தரப்பு ஆட்கள் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் அன்னைக்கு ஊருலயே இல்ல" என்றான். முன்பு சொன்னதை மாற்றிச் சொல்பவர் 'பிறழ் சாட்சி'. அப்படியே அடித்தேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா நழுவி, நான் அடித்த வரியின் மேலேயே கோடு இழுத்துவிட்டது. அடுத்தடுத்து வந்த சாட்சிகளும் அதையே சொன்னார்கள். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. மறுநாள் டீக்கடையில், "ஜட்ஜு விட்டுட்டாரு" என்றார்கள். சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 2018-லேயே ஏற்று நாடு முழுக்கச் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தப் பையனிடம் அதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்ற செய்தியைக் கேட்டபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இதனால் நீதிபதிகள் மேல் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனைவியின் இரண்டு விரல்களை அரிவாளால் துண்டித்தவனுக்கு, ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களே தண்டனை என்று ஒரு தீர்ப்பு. 'எதிரியே குடும்பத்தின் ஒரே வருமானம் என்பதைக் கருத்தில் கொண்டு' என்ற வரியை அடித்தவன் நான். மூன்றாவது பெஞ்சில் அந்தப் பெண் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு ஊர் கோபப்பட்டது, அது முழுக்க நியாயம்.

கேட்கச் சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் கொடுத்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் 15ஏ பிரிவு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது காரை ஏற்றிக் கொன்ற லக்கிம்பூர் கேரி வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை என்பதையும் காட்டித்தான் 2022-ல் உச்ச நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தது. எங்கள் வராந்தாவில் நின்ற அம்மாவுக்கு இதில் எதுவும் வந்து சேரவில்லை.

அன்று என்னால் முடிந்தது கொஞ்சம்தான். ஒரு துண்டுத்தாளில் வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி, அரசு வக்கீல் அலுவலகம் எந்த மாடியில் என்பதை எழுதிக் கொடுத்தேன். எதிரி மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்ய மனு போடலாம், அதை அங்கே சொல்லுங்கள் என்றேன். தாளை நாலாக மடித்து, பையிலிருந்த போட்டோவுக்குப் பின்னால் செருகினார். "மாடிப்படி எந்தப் பக்கம்யா?" என்று கேட்டார். கூடவே போய்க் காட்டினேன்.