பேக்யார்டில் இன்னொரு வீடு: கலிஃபோர்னியாவில் ஏடியூ பெர்மிட் வாங்கிய அனுபவம்

வீட்டுக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு வீடு (ஏடியூ, அதாவது அதே மனையில் துணை வீடு) கட்டலாம் என்று பேச்சு எடுத்தாலே, "சிட்டி விடுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விடும். 2020 ஜனவரியில் புதிய சட்டங்கள் அமலுக்கு வந்த பிறகு, கலிஃபோர்னியாவில் அந்தக் கேள்விக்கு அநேகமாக வேலையே இல்லை. பெர்மிட்டை இழுத்தடிப்பதும் செலவை ஏற்றிவிடுவதும் வேறு விஷயங்கள்: மண்ணுக்கடியில் ஓடும் சாக்கடைக் குழாய், பின்வேலி ஓரத்து ஈஸ்மென்ட் (பொதுச் சேவைக்கு ஒதுக்கிய, கட்டக் கூடாத பட்டை), பழைய மின் பேனல், வேலியை ஒட்டிய சுவர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் மாடி ஏறாமல் தங்க ஒரு இடம் வேண்டும் என்று பே ஏரியாவில் பலர் இப்போது இதில் இறங்குகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறோம்.

முதலில் சட்டம். பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி விட்டு, 800 சதுர அடி வரை, 16 அடி உயரத்துக்குள் தனி வீடாகக் கட்டினால், மனை சிறியது, மனைக்கு ஏற்ற கட்டடப் பரப்பளவு விகிதம் தாண்டுகிறது என்றெல்லாம் சொல்லி சிட்டி மறுக்க முடியாது. முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருந்தால் உயரம் 18 அடி; கூரைச் சரிவைப் பெரிய வீட்டோடு ஒத்துப்போகச் செய்ய இன்னும் 2 அடி. பொது விசாரணை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் சம்மதமும் தேவையில்லை. முழுமையான விண்ணப்பம் கைக்குப் போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சிட்டி முடிவு சொல்ல வேண்டும். நடக்கும் தூரத்தில், அரை மைலுக்குள் பஸ்ஸோ ரயிலோ இருந்தால் பார்க்கிங் கேட்கக் கூடாது. கராஜை இடித்தோ மாற்றியோ கட்டினாலும், போன பார்க்கிங்குக்கு ஈடு கேட்கக் கூடாது. பெரிய வீட்டில் தீயணைப்பு ஸ்பிரிங்ளர் கட்டாயமாக இல்லாவிட்டால் சின்ன வீட்டிலும் கட்டாயமில்லை. ஹெச்ஓஏவும் (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கம்) அடியோடு தடுக்க முடியாது.

சிட்டியின் சொந்த விதி மாநிலச் சட்டத்தோடு மோதினால் மாநிலச் சட்டமே நிற்கும். கவுன்ட்டரில் யாராவது "எங்கள் ஊரில் அப்படி இல்லை" என்றால் வாக்குவாதம் வேண்டாம். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். எண் விஷயத்தில் ஒன்று: 2024 மார்ச்சில் இந்தப் பிரிவுகளை அரசுச் சட்டத் தொகுப்பில் 66310-லிருந்து தொடங்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் இருக்கும் 65852.2-ஐ எழுதி அனுப்பினால், விவரம் தெரியாமல் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அளவு முடிவு செய்வது பெரும்பாலும் கட்டணக் கணக்கு. 750 சதுர அடி வரை இருந்தால் பூங்கா, சாலை போன்றவற்றுக்கான இம்பாக்ட் ஃபீ கிடையாது. அதைத் தாண்டினால், பெரிய வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி கட்ட வேண்டும். 2026-க்கு முன் 750-ஐத் தொட்டாலே கட்டணம் என்று இருந்தது; அதனால்தான் பழைய வரைபடங்களில் 749 என்ற எண்ணை இவ்வளவு பார்க்கிறோம். 500-ஐத் தாண்டினால் பள்ளி மாவட்டத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. அந்த ரசீதைக் காட்டாமல் சிட்டி பெர்மிட்டைக் கையில் தராது; எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் வேளையில் இது வந்து நிற்கும். பிளான் செக் (வரைபடச் சரிபார்ப்பு) கட்டணம், பெர்மிட் கட்டணம் இரண்டுக்கும் இந்த விலக்கு பொருந்தாது.

ஆர்க்கிடெக்ட்டிடம் போவதற்கு முன் மனையைப் படியுங்கள். இதில் அவசரப்பட்டவர்கள்தான் வரைபடத்தை மறுபடி வரையப் பணம் கொடுக்கிறார்கள். வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று நம்ப வேண்டாம். பழைய குடியிருப்புகளில் வேலி ஓர் அடி இப்படியோ அப்படியோ தள்ளி இருப்பது சகஜம். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து மூலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கும்போது கிடைத்த டைட்டில் ரிப்போர்ட்டை (சொத்துரிமை அறிக்கை) தேடி எடுத்து, அதில் பொதுச் சேவை ஈஸ்மென்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பின்வேலி ஓரமாக 5 அடி, 10 அடி என்று ஒரு பட்டை மின்கம்பத்துக்கோ சாக்கடைக்கோ ஒதுக்கப்பட்டிருக்கும். மாநிலச் சட்டம் தரும் 4 அடி அங்கே செல்லாது. ஈஸ்மென்ட் பட்டைக்கு வெளியேதான் அஸ்திவாரம். கூரையின் நீட்டல்கூட அதற்குள் போகக் கூடாது என்பார்கள்.

அடுத்தது சாக்கடை. ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். பின்கட்டிலிருந்து முன்பக்க லேட்டரல் (தெருச் சாக்கடைக்குப் போகும் வீட்டுக் குழாய்) வரை 80 அடி என்றால் 20 அங்குல இறக்கம் கிடைக்க வேண்டும். பழைய லேட்டரல் மேலாகப் புதைக்கப்பட்டிருந்தாலோ, பின்கட்டு தாழ்வாக இருந்தாலோ இறக்கம் போதாமல் கழிவுநீரை மேலே தள்ளும் எஜெக்டர் பம்ப் வைக்க நேரிடும். பம்ப் என்றால் மின்சாரம், அலாரம், பராமரிப்பு எல்லாம் கூடவே வரும். வீட்டைச் சில அங்குலம் உயர்த்திக் கட்டினால் தவிர்க்க முடியுமா என்பதை வரைவதற்கு முன்பே பாருங்கள். பிளம்பரை அழைத்துக் குழாய்க்குள் கேமரா விட்டு, ஆழத்தையும் வேர் புகுந்திருக்கிறதா என்பதையும் பதிவு செய்து வாங்குவது நல்லது. ஓக்லண்ட் பக்கம் என்றால் லேட்டரலுக்கு ஈபிமட் (அப்பகுதியின் தண்ணீர், கழிவுநீர் வாரியம்) சான்றிதழ் விதியும் இருக்கிறது. வேலையின் மதிப்பு 1,00,000 டாலரைத் தாண்டினால் அது உங்களைத் தொடும்.

மின்சாரம்: பழைய வீட்டின் 100 ஆம்ப் பேனல், ஹீட் பம்ப், மின்சார வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, கார் சார்ஜர் எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்குமா என்று லோடு கணக்கு போட வேண்டும். பெரும்பாலும் 200 ஆம்புக்கு மாற்ற வேண்டியிருக்கும். மின் நிறுவனத்துக்கான விண்ணப்பம் சிட்டி பெர்மிட்டோடு சம்பந்தப்படாத தனி வரிசை, மாதக்கணக்கில் ஆகும். 60 நாள் விதி அவர்களைக் கட்டுப்படுத்தாது. பெர்மிட் வந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று: சாலையிலிருந்து தீயணைப்புக் குழாயை இழுத்து வந்தால், 150 அடிக்குள் சின்ன வீட்டின் எல்லாப் பக்கச் சுவர்களையும் எட்ட வேண்டும். நேர்க்கோட்டில் அளக்கக் கூடாது, ஆள் நடந்து போகும் பாதையில் அளக்க வேண்டும். நீளமான மனைகளில் இதனால் ஸ்பிரிங்ளர் வைத்துச் சமாளிக்க வேண்டிவரும்.

இனி 4 அடி, 5 அடி சிக்கல். பிளானிங் துறை 4 அடி விட்டால் போதும் என்கிறது. பில்டிங் துறையோ, ஸ்பிரிங்ளர் இல்லாத வீட்டில் எல்லையிலிருந்து 5 அடிக்குள் நிற்கும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்கிறது. இரண்டும் சரி, இரண்டும் ஒரே சுவருக்குத்தான். 4 அடியில் வைத்தால் உள்ளேயும் வெளியேயும் 5/8 அங்குல டைப் எக்ஸ் (தீ தாங்கும்) ஜிப்சம் போர்டு போன்ற ஏற்பாடு வேண்டும். எந்தச் சோதனை எண்ணின்படி அந்தச் சுவர் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும். ஜன்னல் முதலான திறப்புகள் அந்தச் சுவரின் பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூரையின் நீட்டலுக்கும் அடியில் காப்பு கேட்பார்கள். அந்தப் பக்கம் காற்றுத் துவாரம் வைத்திருந்தால் கமென்ட் (சிட்டியின் திருத்தக் குறிப்பு) நிச்சயம். 30 அடி நீளச் சுவரை ஓர் அடி உள்ளே தள்ளினால் இழப்பு 30 சதுர அடி. மனையில் இடம் இருந்தால் தள்ளுவதே மேல் என்பது எங்கள் கருத்து. பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் நடுவிலும் இதே கணக்குதான்: இடையில் ஒரு கற்பனைக் கோடு போட்டு இருபுறமும் 5 அடி, ஆக 10 அடி இருந்தால் தொல்லை இல்லை.

வாஸ்து பார்ப்பதாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். விண்ணப்பம் போன பிறகு அடுப்பங்கரையை அக்னி மூலைக்கு நகர்த்தினால் குழாய், மின்சாரம், சுவர்ப் பலம், டைட்டில் 24 என்ற மாநில விதிப்படியான எரிசக்திக் கணக்கு எல்லாம் மாறும். திரும்பவும் பிளான் செக். நம் சமையலுக்கு முக்கியமான ஹூட்டும் (அடுப்புப் புகையை உறிஞ்சும் விசிறி) அந்தக் கணக்கில் வருகிறது. வீடு சின்னதாக இருந்தால் ஹூட் பெரிதாக வேண்டும்: 2025 முடியும் வரை அமலில் இருந்த 2022 விதித்தொகுப்பில், 750 சதுர அடிக்குக் குறைவான வீட்டில் மின்னடுப்புக்கு நிமிடத்துக்கு 160 கன அடி, கேஸ் அடுப்புக்கு 280 என்று இருந்தது. காற்று வெளியே போக வேண்டும். வடிகட்டி உள்ளேயே விடும் வகை ஆகாது. புதிதாகத் தனியே எழும்பும் ஏடியூவுக்கு சோலார் விதி உண்டு. கணக்குப்படி வரும் அளவு 1.8 கிலோவாட்டுக்குக் கீழே இருந்தால் விலக்கு கிடைக்கும். சின்ன வீடுகள் பல அதில் தப்பிவிடும். கராஜை மாற்றினால் சோலார் கேட்க மாட்டார்கள்.

கராஜை மாற்றுவது மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவு மலிவில்லை. கதவு இருந்த இடத்தில் அஸ்திவாரம் இருக்காது, புதிதாகத் தோண்ட வேண்டும். தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் இருக்காது. தளம் கதவுப் பக்கம் சரிந்திருக்கும். அதைச் சமன் செய்து, மேலே இன்சுலேஷன் போட்ட பின் கூரை உயரம் 7 அடி மிஞ்சுகிறதா என்று அளந்துவிட்டு ஆசைப்படுங்கள். படுக்கையறை ஜன்னல் வழியே ஆள் வெளியேற முடிய வேண்டும்: திறப்பு 5.7 சதுர அடி (தரைமட்டத்தில் 5), குறைந்தது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம், அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. 20-ஐ 24-ஆல் பெருக்கினால் 5.7 வராது என்பதைக் கவனியுங்கள்; இரண்டில் ஒன்று பெரிதாக வேண்டும்.

2025 முதல் ஒவ்வொரு ஊரும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வரைபடத் திட்டம் வைத்திருக்க வேண்டும். அதில் ஒன்றை எடுத்தால் கெடு 30 நாள். நேரம் மிச்சம்தான், ஆனால் மனைவரைபடம், சாக்கடை, மின்சாரம் எல்லாம் உங்கள் மனைக்கென்று தனியே தயாரிக்க வேண்டும்.

பிளான் செக் கமென்ட் வராத விண்ணப்பம் அபூர்வம். மறுத்தால் எல்லாக் குறைகளையும், எப்படிச் சரிசெய்வது என்பதையும் எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் அனுப்பும்போது கமென்ட் எண், பதில், எந்தத் தாளில் திருத்தம் என்று வரிசையாகக் கடிதம் வையுங்கள்; வரைபடத்தில் மாற்றிய இடத்தை மேகக்குறியால் வளைத்துக் காட்டுங்கள். "சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அதே கமென்ட் திரும்பி வரும். ஆர்க்கிடெக்ட் ஒரு பக்கம் திருத்த, ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரின் தாளில் பழைய ஜன்னல் அப்படியே இருப்பதுதான் இரண்டாம் சுற்றுக்கு வழக்கமான காரணம். அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே ஒருமுறை ஒப்பிடுங்கள்.

கட்டத் தொடங்கியதும் இன்ஸ்பெக்‌ஷன். அஸ்திவாரத்துக்கு வரும் இன்ஸ்பெக்டர் முதலில் எல்லைக் குறிகளுக்கு இடையே நூல் கட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். நூல் இல்லையென்றால் செட்பேக்கை (எல்லையிலிருந்து விட வேண்டிய தூரத்தை) அளக்க வழியில்லை, திரும்பிப் போய்விடுவார். கம்பி மண்ணிலிருந்து 3 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். எர்த்திங்குக்காக 20 அடி நீளக் கம்பி கான்கிரீட்டுக்குள் ஓடி, ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவரை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் ஹோல்டு டவுன் போல்ட்டுகள் கான்கிரீட் ஊற்றும் முன்பே தத்தம் இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஈரக் கான்கிரீட்டில் செருகிக்கொள்ளலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மண்ணுக்கடிக் குழாயில் தண்ணீர் நிரப்பிச் சோதித்துக் கையெழுத்து வாங்காமல் தளம் போட்டால் உடைக்கச் சொல்வார்கள்.

அடுத்து அதிகம் தோற்பது ஷியர் சுவரின் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் பலகைச் சுவர்) ஆணிகள். ஆணித் துப்பாக்கியில் அழுத்தம் கூடினால் ஆணித்தலை பலகையின் மேல் அடுக்கைக் கிழித்து உள்ளே புதையும்; அப்படிப்பட்ட ஆணி கணக்கில் வராது, பக்கத்தில் புதிது அடிக்க வேண்டும். ஓரத்தில் 6 அங்குலமா, 4-ஆ, 3-ஆ என்பது சுவருக்குச் சுவர் மாறும். அட்டவணையை அச்சடித்து அந்தந்தச் சுவரில் ஒட்டிவையுங்கள். சின்ன வீட்டின் சப் பேனலில் (துணை மின்பெட்டி) நியூட்ரலும் எர்த்தும் தனித்தனிப் பட்டையில் இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் பச்சைத் திருகை இறுக்கினால் இரண்டும் சேர்ந்துவிடும். கடைசி இன்ஸ்பெக்‌ஷன் வரை யாரும் கவனிக்காமல் போவது இது. பெரிய வீட்டிலிருந்து வரும் கேபிளைப் பிவிசி குழாயில் 18 அங்குல ஆழத்தில் புதைக்க வேண்டும். பள்ளத்தை மூடும் முன் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுப்பதிலும் சட்டம் உங்கள் பக்கம். கலிஃபோர்னியாவில் கான்ட்ராக்டர் முன்பணமாக 1,000 டாலரோ ஒப்பந்தத்தில் 10 சதவீதமோ, எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. அதாவது நடைமுறையில் 1,000. "மெட்டீரியல் வாங்க 30 சதவீதம்" என்பவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சப் கான்ட்ராக்டருக்குப் பணம் போகாவிட்டால் அவர் உங்கள் வீட்டின் மேலேயே லீன் (பாக்கிக்கான சட்டப் பாத்தியதை) போடலாம், நீங்கள் முழுத் தொகையும் கொடுத்திருந்தாலும். ஒவ்வொரு தவணைக்கும் லீன் விடுவிப்புக் கையெழுத்து வாங்கிய பிறகு காசோலை எழுதுங்கள்.

இறுதி இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் எரிசக்திச் சோதனையாளர் வந்து அளந்து, சிஎஃப்3ஆர் என்ற சோதனைச் சான்றுப் படிவங்களைப் பதிவேற்றியிருக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்து விழாது. புதிய முகவரி எண்ணுக்குச் சீக்கிரமே எழுதிப்போடுங்கள், தனி மீட்டர் வேண்டுமென்றால் அது தேவைப்படும். வரி விஷயத்தில் பயம் வேண்டாம்: பெரிய வீட்டின் மதிப்பீடு மாறாது, புதிதாகக் கட்டியதற்கு மட்டும் கூடுதல் மதிப்பீடு போடுவார்கள். அந்தத் துணை வரிச் சீட்டு வழக்கமான வரியோடு சேராமல் தனியாகத் தபாலில் வரும். பல வீட்டுக்கடன்களில், வரிக்காகக் கடன் தந்தவர் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து அதைக் கட்ட மாட்டார்கள், நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.