கச்சேரிக்குக் கச்சேரி நடந்துபோகிற தூரம்

மியூசிக் அகாடமி வாசலிலிருந்து டி.டி.கே. சாலையோடு தெற்கே நடந்தால் இருபது நிமிடத்துக்குள் நாரத கான சபா வந்துவிடும். கிழக்கே மயிலாப்பூர் பக்கம் திரும்பினால் முசிறி சுப்ரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். கர்நாடக இசைக் கச்சேரிகள் தொடர்ந்து நடக்கும் டிசம்பர் சீசன் சென்னையின் விழாவாக நிலைத்ததற்கு இந்த நெருக்கம்தான் முதல் காரணம். மதியக் கச்சேரி கேட்டு, கேன்டீனில் இலைச் சாப்பாடு முடித்து, நாலு மணிக்கு இன்னொரு சபாவில், அதாவது கச்சேரி நடத்தும் இன்னொரு அமைப்பின் அரங்கில், போய் உட்காரலாம். இதே அரங்குகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஆளுக்கு ஒரு கச்சேரி, அதோடு வீடு.

இதை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1943-இல் தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்ற கோரிக்கையோடு தமிழிசைச் சங்கம் வந்தது. அதன் அரங்காகப் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. ஒரு சபாவில் இடம் கிடைக்காத வித்வான்களும் ரசிகர்களும் இன்னொரு சபாவைத் தேடிப் போனார்கள். போட்டி நகரத்துக்கு அரங்குகளைக் கொடுத்தது. சங்கீத வித்வான்களின் பெயர் தாங்கிய தெருக்களைப் பாருங்கள்: முசிறி, பாபநாசம் சிவன், தி. நகரில் மகாராஜபுரம் சந்தானம். யுனெஸ்கோ 2017-இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாகச் சேர்த்துக்கொண்டதற்குப் பின்னால் இத்தனை வருட உழைப்பு இருக்கிறது.

சீசனின் உயிர் மதிய நேரத்தில் இருக்கிறது. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட். பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிக்குக் கட்டணமில்லை. இளையவர்கள் அந்த நேரத்தில்தான் மேடையேறுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தொடக்க உருப்படியான வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனை, ராகத்தை விரிக்கும் ஆலாபனையோடு ஒரு பெரிய உருப்படி, தாள வாத்தியக்காரர்களின் தனி ஆவர்த்தனம், மங்களம் எல்லாம் அடங்க வேண்டும். இங்கே தேறியவர்களே நாளைக்கு மாலை மேடைக்கு வருகிறார்கள். இந்த ஏணியை எடுத்துவிட்டால் பத்து வருடத்தில் மாலை மேடையும் காலி.

மேடையில் எது கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கச்சேரி முடிந்து அடுத்தது தொடங்கப் பல இடங்களில் கால் மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; முன்னால் பாடியவருக்கு ஒரு கட்டை சுருதி, அடுத்து வருபவருக்கு ஐந்து கட்டை என்றால் மிருதங்கமே வேறு. தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்ட வேண்டும். வலது பக்கமான வலந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். அரங்கின் ஏசி குளிரில் ரவை காய்ந்துவிடும், சுருதியும் நகரும். அந்த அவசரத்தில் மைக்கைச் சரிபார்க்க நேரம் ஏது? முதல் இரண்டு உருப்படியும் ‘மானிட்டரைக் கொஞ்சம் கூட்டுங்க’ என்ற சைகையிலேயே கழிகிறது; மானிட்டர் என்பது பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி. மானிட்டரைக் கூட்டினால் மைக் அதையே வாங்கி ஊளையிடுகிறது. இதற்கு மருந்து எளிது: நடுவில் முப்பது நிமிடம் விடுங்கள், நாளுக்கு ஒரு கச்சேரி குறைந்தாலும் பரவாயில்லை.

பணம் எங்கே போகிறது என்றால், பாடுகிறவருக்கு மட்டும் இல்லை. மிருதங்கத்தின் தோல் மூட்டு மாற்றுகிற தொழிலாளி, தம்புரா பழுது பார்ப்பவர், சமையல்காரர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர், தங்கும் விடுதி என்று பலருக்கு அது வருமான மாதம். கேன்டீனுக்கென்றே வருகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களையும் ரசிகர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சாப்பிட வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து உட்கார்ந்துவிடுவதுதான் சபாவின் வெற்றி.

ஆனால் இந்தப் பலன் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்ற குறை நியாயமானது. 2007-இல் சென்னை சங்கமம் என்ற கலை விழா பூங்காக்களிலும் கடற்கரையிலும் பறையையும் கரகத்தையும் கொண்டுவந்தபோது சபா வாசலையே மிதிக்காதவர்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா மீனவர் குடியிருப்பிலேயே மேடை போட்டது. அந்த இரண்டும் சொன்ன பாடம், அரங்கின் கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும் என்பது.

அதற்கு முதலில் தெரு வேண்டும். நடைபாதையில் பைக்குகள், தோண்டிப் போட்ட பள்ளம், சாலை கடக்க இடமில்லை. கேட்க வருபவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை மட்டுமாவது மாநகராட்சி செய்யக்கூடியவை மூன்று: டி.டி.கே. சாலையிலும் மாட வீதிகளிலும் நடைபாதையைக் காலி செய்வது, சபாக்களை இணைத்துச் சுற்றிவரும் சிற்றுந்து விடுவது, இரவு கச்சேரி விடும் ஒன்பது, ஒன்பதரை மணிக்கு அந்தத் தடத்தில் பேருந்தைக் கூட்டுவது. சபாக்களின் பங்கு இன்னும் சிறியது. மற்ற மாதங்களில் அரங்கு காலியாகக் கிடக்கும் வார நாட்களில், மதியக் கச்சேரிப் பிள்ளைகளுக்குக் குறைந்த வாடகைக்குத் திறந்துவிடலாம்.