வாசலுக்கே வராத வாசகர்கள்

தேசிய நூலகம் என்றாலே எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்றுதான் கணக்குக் கேட்கிறார்கள். தங்களிடம் இல்லாத நூல்களையும் இதழ்களையும் அதனிடம் இரவல் வாங்கும் மற்ற நூலகங்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

பிரிட்டனில் 1962-ல், லண்டனிலிருந்து வெகுதூரம் தள்ளி, யார்க்‌ஷயரின் பாஸ்டன் ஸ்பாவில் அறிவியல் தொழில்நுட்பத்துக்கான தேசிய இரவல் நூலகம் திறக்கப்பட்டது. டொனால்ட் அர்க்கார்ட் அதற்குத் தலைமை தாங்கினார். அங்கே ஆய்விதழ்களைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல் தலைப்பின் அகரவரிசையில் அடுக்கினார்கள். ஊழியர் கோரிக்கைச் சீட்டோடு நேரே அலமாரிக்குப் போய் இதழை எடுத்துவிடலாம். வேகம்தான் குறிக்கோள். என்ன அருமையான யோசனை! 1973-ல் அது பிரிட்டனின் தேசிய நூலகமான பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தது.

கேட்டது கிடைத்ததா, எத்தனை நாளில், என்ன விலையில்? இரவல் கேட்கும் நூலகங்கள் பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான் சேவையை எடை போடும். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: "எங்களிடம் இல்லை" என்ற பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது? அது உடனே வந்தால் அன்றைக்கே வேறிடத்தில் கேட்கலாம். ஒரு வாரம் இழுத்தால் ஆய்வு மாணவருக்கு அந்த வாரமே வீண்.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அதனால் இரவல் வாங்கும் நூலகங்களிடம் எடுக்கும் திருப்திக் கருத்துக்கணிப்புகளில், "இந்தச் சேவை நின்றால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியும் கட்டாயம் இருக்க வேண்டும். சின்ன நூலகங்களின் பதிலைத் தனியாகப் படியுங்கள். சராசரியில் அவர்கள் குரல் கேட்காது.